இருபது புள்ளி ஒன்பது

படூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம், கழிவுநீர் சுத்திகரிப்பு அறைக்குள் கால் வைத்ததும், நாற்றம் ஜாய்ஸின் முகத்தில் அறைந்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நானூறு வீட்டுக் கழிவும் வந்து சேரும் இடம் வேறெப்படி இருக்கும்?

அவள் கம்பெனி விற்பது டிஜிட்டல் ஃபார்ம். எந்த வேலைக்கும் ஒரு ஃபார்ம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விதி, எல்லாம் நிரம்பினால் பச்சை டிக். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் நிரப்பும் ஃபார்மைக் கட்டியவள் ஜாய்ஸ். மனுஷன் அதில் இறங்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறதே, அதனால் ஃபார்மில் அதற்குப் பெயர் ‘உள் ஆய்வு’. பெயர் சூட்டியதும் அவள்தான். நாற்பத்துமூன்று குடியிருப்புகளில் அது ஓடுகிறது. பதினான்கு மாதமாக ஒரு விதிமீறல்கூட இல்லையென்று ஆபீஸில் அவளுக்குக் கேக் வெட்டினார்கள். ஆட்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நேரில் பார்க்கத்தான் இன்று வந்திருந்தாள்.

தொட்டிக்குள் பம்ப் அடைத்துப்போயிருந்தது; இறங்கித்தான் எடுக்க வேண்டும். ஆபிரகாம் என்ற ஐம்பது வயது ஆபரேட்டர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சூப்பர்வைசர் பன்னீர்செல்வம் போனில் ஃபார்மைத் திறந்து கடகடவென்று நிரப்பினார். ஆக்ஸிஜன் அளவு கேட்ட கட்டத்தில் மீட்டரைத் தொடாமலே, வெளிக்காற்றில் இருக்கும் சதவீதமான 20.9 என்று போட்டார்.

“மீட்டர் வெச்சுப் பாக்கலையா சார்?”

“எதுக்கு மேடம்? எப்பவும் அதான.”

ஜாய்ஸ் விடவில்லை. மேஜை டிராயரில் தூசியோடு கிடந்த மீட்டருக்கு, சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைப் பிடுங்கிப் போட்டாள். ஆபிரகாம் அதைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார். பாதி ஆழம் போவதற்குள் அது கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. மேலே இழுத்துப் பார்த்தபோது, பதிவான குறைந்த அளவு 17.2 என்று திரையில் இருந்தது.

“பாத்தீங்களா? பாதியிலேயே இப்படின்னா அடியில மயக்கம்தான். இதைப் போடுங்க.”

பன்னீர்செல்வம் சிரித்துக்கொண்டே 17.2 என்று தட்டினார். கட்டம் சிவந்தது. ‘19.5 முதல் 23.5 வரையிலான எண்ணை மட்டும் உள்ளிடவும்.’

“நீங்க வெச்ச ரூல்தான மேடம் இது? மொத நாளே உள்ளத உள்ளபடி போட்டேன், வாங்கல. உங்க ஹெல்ப்லைனுக்கு அடிச்சா, ரேஞ்சுக்குள்ள போடுங்க சார்னாங்க. அன்னிலேர்ந்து போட்டுகினு கீறேன்.”

தப்பான எண் உள்ளே வரக்கூடாது என்றுதான் ஜாய்ஸ் அந்த விதியை எழுதினாள். ஆபத்தான எண் வந்தால் வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று அவள் புத்திக்கு எட்டவேயில்லை. உண்மையைச் சொன்னால் திட்டி, பொய் சொன்னால் பச்சைக் கொடி காட்டும் ஃபார்ம். வேலியே பயிரை மேய்ந்த கதை. அதற்குக் கேக் வேறு! தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“என் தம்பி ஸ்டான்லி போன சித்திரைல இதுலதான் மயங்கி வுழுந்தான்,” என்றார் ஆபிரகாம், ஏதோ மழை வந்ததைச் சொல்வதுபோல. “கயித்தைப் போட்டு இழுத்தோம். கவனக்குறைவுன்னு எழுதி வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க. இன்னும் இருமிகினு கீறான்.”

விபத்து ஃபார்மும் ஜாய்ஸ் கட்டியதே. காரணத்துக்கு மூன்றே மூன்று தேர்வு வைத்திருந்தாள்: உடல்நலக்குறைவு, கவனக்குறைவு, மற்றவை.

பன்னீர்செல்வம் மறுபடி 20.9 என்று போட்டார். கட்டம் பச்சையானது. ஆபிரகாம் மூடியைத் தள்ளி ஒரு காலை உள்ளே விட்டார்.

“எறங்காதீங்க!” என்று கத்தினாள் ஜாய்ஸ். தன் போனில் அட்மின் பக்கத்தைத் திறந்து ஃபார்மையே நிறுத்தினாள். நாற்பத்துமூன்று இடத்திலும் நின்றது.

“இன்னா மேடம், ஃபார்மையே காணோம்?” பன்னீர்செல்வத்தின் முகம் வெளுத்தது. “யோவ் ஆபிரகாம், மேல வா. ஃபார்ம் இல்லாம உனுக்கு எதுனா ஆச்சுன்னா என் தலைதான் போவும்.”

மீட்டர் அத்தனை கத்துக் கத்தியபோது அசையாத மனுஷன்! தூ என்று துப்ப வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

ஐந்து நிமிஷத்தில் மேனேஜர் ஹரிகிருஷ்ணன் போனில் வந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

“சரி ஜாய்ஸ், அடுத்த வெர்ஷன் ரிலீஸ்ல பாத்துக்கலாம். இப்ப ஆன் பண்ணுங்க. கிளையன்ட் எல்லாம் கத்தறாங்க.”

“ஆள் எறங்கிடுவாங்க சார்.”

“எறக்கறது அவங்க. நாம வெறும் ஃபார்ம்தான் குடுக்கறோம்.”

“நான் ஆன் பண்ண மாட்டேன் சார்.”

“அப்ப ஃபார்ம் நின்னதுக்கு விபத்து ஃபார்மை ஃபில் பண்ணி அனுப்புங்க. யாரால, என்ன காரணம்னு. ஹெச்ஆர் பாத்துக்கட்டும்.”

அங்கேயே நின்று நிரப்பினாள். பெயர்: ஜாய்ஸ். காரணம் என்ற இடத்தில் அதே மூன்று தேர்வு விழுந்தது. கவனக்குறைவு என்பதைத் தொட்டு அனுப்பினாள். பச்சை டிக் வந்தது.

ஆபிரகாம் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“தப்பு உம்மேலன்னு எழுதிட்டியாம்மா?”

“ஆமாண்ணா.”

“அப்ப தம்பி மேல எழுதுனத எடுத்துடலாம்ல? வேற எடத்துல வேல கேட்டா, அங்கயும் இதே ஃபார்ம்தான், அதப் பாத்துட்டுத் தொரத்தறானுங்க.”

ஜாய்ஸ் ஸ்டான்லியின் ஃபார்மைத் தேடி எடுத்தாள். கவனக்குறைவு என்ற சொல்லைத் தொட்டாள், மறுபடி தொட்டாள். அசையவில்லை. ஒருமுறை அனுப்பிய ஃபார்மை யாராலும் திருத்த முடியாது. அந்த விதியையும் அவள்தான் எழுதியிருந்தாள்.