கேலரிப் படியில் உட்கார்ந்த மூச்சு

ஆறாவது சுற்றில் மயில்சாமியின் மூச்சு அவரை விட்டு இறங்கி, மைதானத்துக் கேலரியின் உச்சிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டது.

கோயம்புத்தூரில் காலை ஆறு பத்து. வைகறை ஓட்டக் கழகத்துக்கு அன்று இன்டர்வல் பயிற்சி. நானூறு மீட்டரை நாக்குத் தள்ள ஓட வேண்டும், தொண்ணூறு விநாடி நடக்க வேண்டும், விசில் ஊதினால் மறுபடி ஓட வேண்டும். இப்படி எட்டுத் தடவை. வீட்டில் மாடிக்குத் தண்ணீர்க் கேன் தூக்கச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிற ஆட்கள்தான் இதற்கு வரிசையில் நிற்பார்கள்.

மூச்சு போனதும் மயில்சாமி நின்றுவிட்டார். அவருடைய இதயம் நிற்கவில்லை. அவர் நின்றதைக் கவனிக்காமல் அது பாட்டுக்கு மூன்றாவது தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரம் இதயத்துடிப்பு இருநூற்று நான்கு என்று காட்டியது.

"இருநூத்தி நாலு! சூப்பருங்க!" என்றார் பயிற்சியாளர் விக்டர். அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பயிற்சி தருகிறவர். முகத்தைப் பார்க்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

மயில்சாமி கன்னத்தில் மிச்சமிருந்த காற்றைச் சேர்த்து, "மூச்சு..." என்றார்.

விக்டர் கேலரியை அண்ணாந்து பார்த்தார். "ஆமாங்க, மேல உக்காந்திருக்குது. தொண்ணூறு செகண்டுக்குள்ள கூட்டிட்டு வந்துருங்க. ஏழாவதுக்கு விசில் அடிக்கோணும்."

கழகச் செயலாளர் சுகந்தி அட்டையில் செருகிய படிவங்களோடு மேலே ஏறிப்போய் விசாரித்துவிட்டு வந்தார். மூச்சு மரியாதையாகத்தான் பேசியிருக்கிறது. "எனக்கு நாப்பத்தெட்டு வயசுங்க. முப்பத்தொண்ணுக்குன்னு போட்ட ஓட்டத்தை நான் ஏனுங்க ஓடோணும்?" என்று கேட்டிருக்கிறது.

நியாயமான கேள்விதான். வைகறைக் கழகத்தில் சேரும்போது வயது என்ற கட்டத்தில் பிறந்த வருடத்தைக் கணக்குப் பார்த்து யாரும் எழுதுவதில்லை. கடிகாரம் உங்கள் உடம்புக்கு எத்தனை வயது என்று சொல்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். மயில்சாமிக்கு அது முப்பத்தொன்று என்று சொன்னது. அதைச் சொல்லவைக்க அவர் மூன்று கடிகாரம் மாற்றினார் என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து சாப்ட்வேர் பையன்களோடு ஓட்டம். அந்தப் பையன்கள் அவரை 'ப்ரோ' என்று கூப்பிட்டார்கள். டைல்ஸ் கடையில் முதலாளி, வீட்டில் 'ஏனுங்க', மைதானத்தில் மட்டும் ப்ரோ. அந்த ஒரு சொல்லுக்காக மனுஷன் நாலரை மணிக்கு எழுந்தார், பரோட்டாவை விட்டார், மீசைக்குச் சாயம் அடித்தார்.

இதயம் படிவத்தை அப்படியே நம்பிவிட்டது. மூச்சைத்தான் யாரும் கேட்கவில்லை.

"திருத்தம் போட்டுருங்க, இறங்கி வந்துரும்," என்றார் சுகந்தி. "ஆனா குரூப்லதான் போடோணும். உங்க கையால. ரூல் அப்படி."

கழகத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மயில்சாமி போனைக் கையில் எடுத்தார். உதடு நாவற்பழ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. கழகத்தின் பனியனும் அதே நிறம் என்பதால் சுகந்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

மயில்சாமி, '34' என்று போட்டார்.

மூச்சு எழுந்து மூன்று படி இறங்கி உட்கார்ந்தது. மூன்று படிக்கு உண்டான காற்று அவருடைய தொண்டைவரை வந்து நின்றது. குரூப்பில், 'பரவால்ல ப்ரோ' என்று ஒரு பதில் விழுந்தது. அவருக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

'38' என்று போட்டார். இன்னும் நான்கு படி. 'சும்மா அதிருது ப்ரோ' என்று யாரோ எழுதினார்கள்.

மேலே இன்னும் பத்து வருடம் பாக்கி. மயில்சாமிக்குக் கண் இருட்டியது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கொடுக்கிற மாதிரி, '40' என்று அடித்தார். மூச்சு இரண்டு படி இறங்கியது. 'ஓகே அண்ணா' என்று பதில் வந்தது.

அண்ணா! அந்தச் சொல்லை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குள் தொண்ணூறு விநாடி முடிந்து விசில் அடித்தது. பையன்கள் பாய்ந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அவருடைய இதயமும் பாய்ந்தது. ஏழாவது சுற்றை அது அவர் இல்லாமலே ஓடிப்பார்த்து, அப்படித்தான் சௌகரியமாக இருக்கிறது என்று கண்டுகொண்டது.

நாற்பதோடு நிறுத்தினால் செத்துப்போவோம் என்று அவருக்குப் புரிந்தது. ஆனாலும் சிக்கனம் விடவில்லை. '45' என்று போட்டார். 'சரிங்க சார்.' அப்புறம், '47'. 'டேக் கேர் அங்கிள்.'

மூச்சு இப்போது கடைசிப் படியில் இருந்தது. கையை நீட்டினால் தொடுகிற தூரம். நெஞ்சில் காற்று முக்கால்வாசி நிறைந்திருந்தது. இதை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாமா என்று யோசித்தார். ஒரு வருடம்தானே, கொஞ்சம் வேகம் குறைத்துப் பேசினால் யாருக்குத் தெரியப்போகிறது?

"ஒண்ணே ஒண்ணு பாக்கிங்க," என்றது மூச்சு. அதில் கோபம் இல்லை.

"நாப்பத்தேழே போதாதா?"

"உங்க இஷ்டமுங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

எட்டாவது சுற்றுக்கு விசில் அடித்தபோது மயில்சாமி அழுதுவிட்டார். அழுதுகொண்டே '48' என்று அடித்தார். மூச்சு கடைசிப் படியை விட்டு இறங்கி, காலைத் தட்டிவிட்டு, அவருக்குள் வந்து சேர்ந்தது. அடேயப்பா, எத்தனை நாளாயிற்று! அடி வயிறுவரை போனது. மழை பெய்த மண்ணின் வாசம்கூடத் தெரிந்தது. போனில், 'வாழ்த்துகள் ஐயா' என்று வந்திருந்ததை அவர் பார்க்கவில்லை.

எட்டாவது சுற்றை முடித்து இதயம் முதலாவதாக வந்தது. கழகத்தார் அங்கேயே நின்று பேசி முடித்தார்கள். படிவத்தில் சொன்ன வயதுக்கு ஓடிக் காட்டியது இதயம்தான், ஆகவே முப்பத்தொரு வயது உறுப்பினர் அதுதான் என்று சுகந்தி பெயரைத் திருத்தி எழுதிக்கொண்டார். பையன்கள் அதன் முதுகில் தட்டி, "செம ப்ரோ," என்றார்கள். மயில்சாமி ஒரு அடி முன்னால் வைத்தார். இதயம் அவரை அடையாளம் தெரியாதவர் மாதிரி பார்த்துவிட்டு, பையன்களோடு காரில் ஏறி டிபன் சாப்பிடப் போனது.

"ஐயா, நீங்க அந்தப் பக்கமுங்க," என்று விக்டர் புங்க மரத்தடியைக் காட்டினார்.

மரத்தடியில் மூத்தோர் பிரிவு கையை வீசிக்கொண்டிருந்தது. அதற்குத் தலைவர் பொன்னுரங்கம், பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர், வயது எழுபத்தொன்று. அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு நாடி பார்த்துத்தான் சேர்ப்பார்கள். துடிப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு மரியாதை.

பொன்னுரங்கம் மயில்சாமியின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினார். திருப்தி இல்லாமல் இன்னொரு நிமிடம் எண்ணினார். பிறகு நோட்டில் பூஜ்யம் என்று எழுதி அடிக்கோடு போட்டார். கை வீசுவதை நிறுத்திவிட்டு எல்லாரும் வந்து நோட்டை எட்டிப் பார்த்தார்கள். முன்வரிசையில் நடு இடத்தில் நின்றவர் தானாக ஒதுங்கி இடம் விட்டார்.

"பதினாலு வருஷமா வர்றனுங்க. எனக்கு அறுபத்தெட்டுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது," என்றார் பொன்னுரங்கம். குரலில் பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது. "நீங்க எத்தனை வருஷப் பயிற்சிங்க?"

மயில்சாமிக்குக் கூச்சமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"இன்னைக்குக் காலைலதானுங்க ஆரம்பிச்சேன்," என்றார்.