ஞாயிற்றுக்கிழமை கேசட்டுகள்

அப்பா சிலுவைராஜ் இறந்து இரண்டு மாதம் கழித்து, குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டைக் காலி செய்தபோது அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே பதினொரு கேசட்டுகள். எல்லாம் 1972, 73இல் மகன் மரியஅந்தோணி பதிவு செய்தவை. கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள் டேப் ரெக்கார்டர்தான்.

தங்கை ரூபி ஒரு கேசட்டைக் கையிலெடுத்துப் பார்த்தாள். "அண்ணே, இதுல அம்மா குரல் இருக்குமா?"

அம்மா பிலோமினம்மாள் இறந்தபோது ரூபிக்கு ஏழு வயது. இப்போது இருபத்தொன்று. முகத்துக்குப் புகைப்படங்கள் இருந்தன. குரல் மட்டும் அவள் நினைவில் இல்லை.

"இருக்கும்லா. எல்லா சண்டேயும் ரெக்கார்ட் பண்ணேனே. அம்மா பேசறத மட்டும் தனியா காப்பி பண்ணித் தரேன்."

வேலை முடிந்து வந்ததும் தினமும் இரண்டு கேசட்டுகளாகக் கேட்டான். அப்பா கோயில் பாட்டுகள் பாடினார். விருந்துக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். நான்காவது கேசட்டில், பாட்டுக்கு நடுவே கரண்டிச் சத்தமும் பின்னால் ஒரு பெண் குரலும் கேட்டன.

"அந்தோணி, சோறு ஆறிப்..."

"ஷ்! பேசாதீங்கம்மா. ரெக்கார்ட் ஆகுது."

அது அவன் குரல்தான். அவ்வளவு அதட்டலாகப் பேசியிருப்பான் என்று அவனே நம்பியிருக்க மாட்டான். ஏழாவது கேசட்டில் அம்மா சிரிக்கத் தொடங்க, மறுபடி அதே அதட்டல். ஒன்பதாவதில் அப்பா, "அவளையும் ரெண்டு வார்த்த பேசச் சொல்லேன்டா" என்கிறார். "டேப் வேஸ்ட்டாப் போவும்பா" என்கிறான் அவன்.

பதினொன்றையும் கேட்டு முடித்தபோது, அம்மாவின் பேச்சு எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை. இப்படி அதட்டியதில் ஒன்றுகூடத் தன் ஞாபகத்தில் இல்லையே என்பதுதான் அவனை அதிகம் வதைத்தது.

அம்மாவைப் பற்றி யாராவது பேசுவதையாவது ரூபிக்குப் பதிவு செய்து தரலாம் என்று, முன்பு பக்கத்து வீட்டில் இருந்த ஜைனப் மாமியைத் தேடிப் போனான். அவர் இப்போது தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் மகனோடு இருந்தார். மேசைமேல் ரெக்கார்டரை வைத்ததும் மாமி அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அம்மா எப்படிப் பேசுவாங்க மாமி?"

"பிலோமினாவா? கணீர்னு பேசுவா. மாடியிலேர்ந்து கூப்பிட்டா கீழ மீன்காரன் நின்னுடுவான். யார மாதிரி வேணும்னாலும் பேசிக் காட்டுவா. உங்கப்பா தொண்டையச் செருமிட்டுப் பாட ஆரம்பிப்பாரே, அத அப்படியே செய்வா. எனக்குச் சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும்."

"வீட்ல அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லையே மாமி."

"சண்டே ஆனா முக்காலியத் தூக்கிட்டு காரிடாருக்கு வந்துடுவா. 'உள்ள புள்ள மெஷின் வச்சிருக்கான், நான் வாயத் தொறந்தா கெட்டுப்போவும்'னு சொல்லுவா. ரெண்டு பேரும் நெத்திலி ஆய்ஞ்சுக்கிட்டே பேசிக்கிட்டிருப்போம்."

"கோவமா சொல்லுவாங்களா?"

"இல்லப்பா. பெருமையாத்தான் சொல்லுவா."

கோபமாகச் சொன்னார் என்றிருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும். மாமி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து, ரூபிக்கான காப்பியில் தன் அதட்டல்களை வெட்டிவிட முயன்றான். முடியவில்லை. அவன் குரல் அம்மாவின் பேச்சுமேல் ஏறியே பதிவாகியிருந்தது. அதை வெட்டினால் அம்மாவும் போய்விடுவார். அதனால் இருந்தபடியே, மாமி பேசிய கேசட்டோடு சேர்த்துக் கொடுத்தான்.

ரூபி அவன் எதிரிலேயே கேட்டாள். 'அந்தோணி, சோறு ஆறிப்' வரை கேட்டு, பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். நாலைந்து முறை அப்படிச் செய்தாள்.

"அந்த ஒரு வரியையாவது முடிக்க விட்டிருக்கலாம்லண்ணே" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"விட்டிருக்கலாம்" என்றான் அந்தோணி.

சற்றுப் பொறுத்து ரூபி ஜைனப் மாமியின் கேசட்டைப் போட்டாள். அப்பாவின் செருமலைப் பற்றிய இடம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அழுதாள். அந்தோணி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.