ஒன்பதாவது நட்டு

1

டில்லிபாபு என்பவர் பென்னலூரில், எங்கள் அடுத்த வீட்டில் வசிக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரகடத்துக் கார்த் தொழிற்சாலையில் சக்கர நட்டு முடுக்குகிறார். தேநீரை ஆற்றாமற் குடிப்பார். ஞாயிறன்றும் சீருடைச் சட்டையையே அணிவார். இக்கதை அவருடைய மனைவி முத்துச்செல்வி மதிற்சுவருக்கு அப்பாலிருந்து என்னிடம் கூறிய ஒரே வாக்கியத்தினின்று பிறந்தது: "எங்கப்பா எஞ்சின இவுக ஒடச்சிருவாகளோன்னு பயமா இருக்கு, சார்."

2

முதலில் இவ்வாறு தொடங்கினேன்: 'மழை தூறிய ஒரு மாலையில், துருவின் மணம்...'

(நிறுத்திவிட்டேன். மழை பெய்யவில்லை. நல்ல வெயில்.)

அவள் சொன்ன எஞ்சினுக்குரிய கார், பழைய மாரிஸ் மைனர். தென்காசியில் முத்துச்செல்வியின் தந்தை வாடகைக்கு ஓட்டியது. அவர் இறந்தபின் பதினோராண்டுகள் புளியமரத்தடியிற் கிடந்தது. அவள் தம்பி பழைய இரும்புக்குப் போட இருந்ததை இவள் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தாள். மீண்டும் ஓடவைக்கக் கணவரும் மனைவியுமாக எஞ்சினைப் பிரிக்கத் தொடங்கினார்கள். எஞ்சினின் தலைப்பகுதியை ஒன்பது நட்டுகள் பிடித்திருந்தன. எட்டுக் கழன்றன. ஒன்பதாவது துருவேறி அசைய மறுத்தது. வலிந்து திருகினால் உள்ளிருக்கும் மரையாணி முறியும், எஞ்சினே பாழாகலாம்.

சென்ற வாரம் புகைக்குழாய்ப் பக்கத்து ஆணியொன்றை டில்லிபாபு அப்படித்தான் முறித்தார். காரணம் அலட்சியமன்று. தொழிற்சாலையில் நட்டு முடுக்கும் துப்பாக்கிக் கருவி, போதிய இறுக்கம் வந்ததும் தானே நின்றுவிடும். அவர் கை, யாரேனும் நிறுத்தச் சொல்வார்கள் என்று காத்திருந்தது. துருப்பிடித்த ஆணி சொல்லவில்லை.

3

"ஒரு டம்ளருக்குள்ள இன்னொண்ணு சிக்கிக்கிட்டா என்ன செய்வோம்? வெளிய வெந்நீரு, உள்ள பச்சத்தண்ணி. நட்டுக்கு மட்டும் சூடு காட்டுங்கன்னு சொல்லுதேன்" என்றாள் முத்துச்செல்வி.

"இன்னா நீ, எஞ்சினுக்குச் சமையல் சொல்லிக்குடுக்கற?"

"ஒங்க கம்பெனி சொல்லிக்குடுத்த லெச்சணத்தத்தான் போன வாரம் பாத்தேனே."

சிரித்துக்கொண்டே அவர் நட்டைச் சூடாக்கினார். அவள் மெழுகுவர்த்தியை அதன் அடியில் தொடவைத்தாள். மெழுகு உருகி, நட்டு வழுக்கிக் கழல ஏதுவாக மரைக்குள் இறங்கிற்று.

(இவ்விடத்தில் இல்லறத்தைப் பற்றி ஓர் உவமை எழுதினேன். அழித்துவிட்டேன். தாங்களே எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.)

4

முடிவு ஒன்று: நட்டு முனகிக்கொண்டே கழல்கிறது.

முடிவு இரண்டு: ஆணி முறிகிறது. அவள் அழாமல் அடுப்படிக்குள் போகிறாள். அவர் ஸ்பானரோடு அடுப்படி வாசல்வரை போகிறார்...

இரண்டையும் எழுதிப் படித்தபோது பிழை புலப்பட்டது. இரண்டிலும் ஸ்பானரை அவர் கையிலேயே கொடுத்திருந்தேன். அன்று மதிற்சுவருக்கு மேல் நான் கண்டது வேறு. அதை மட்டும் எழுதி நிறுத்துகிறேன். நட்டின் கதி தங்கள் பொறுப்பு.

அவர் ஸ்பானரை நட்டில் மாட்டினார். சற்று நின்றார். பிறகு கைப்பிடியை அவள் பக்கம் திருப்பினார்.

"எங்க நிறுத்தணும்னு என் கைக்குத் தெரியல. நீ புடி."

"ஒடஞ்சிட்டுன்னா?"

"ஒடஞ்சா ஒடயட்டும். உங்கப்பா எஞ்சின் இது. நீ திருப்பு, நான் ஆடாம புடிச்சிக்கறேன்."