தாசில்தாரின் பித்தநீர்

தில்லைநாயகம் பிள்ளை தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றுப் பத்து வருஷமாகிறது. இன்னும் அவர் சொன்னால் அது உத்தரவுதான், வீட்டுக்குள் மட்டும். அப்பேர்ப்பட்டவர் இப்போது வலது விலாவுக்குக் கீழே ஒரு டியூபும், அதன் முனையில் ஒரு பையுமாக ஸ்ரீவைகுண்டத்து வீட்டில் வளைய வந்துகொண்டிருந்தார். பித்தப்பைக் கல்லை எடுக்கப் போன இடத்தில், ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகிற குழாயும் சேர்ந்து அறுபட்டுவிட்டது. ஆயிரத்தில் இரண்டு மூன்று பேருக்கு அப்படி ஆகுமாம். அந்த இரண்டு மூன்றில் தாமும் ஒருவர் என்பதில் அவருக்குப் பாதி வருத்தம், பாதி பெருமை.

அறுந்ததை உடனே தைக்க முடியாது, உள்ளே புண் ஆறட்டும், இரண்டு மாதம் கழித்துக் குடலை மேலே கொண்டுவந்து ஈரலோடு சேர்த்துத் தைக்கலாம் என்று திருநெல்வேலியில் டாக்டர் அசன் மைதீன் சொல்லியிருந்தார். அதுவரை பித்தநீர் பைக்குள்தான் வடியும், தினமும் அரை லிட்டர். அது குடலுக்குப் போகாவிட்டால் நெய்யும் எண்ணெயும் செரிக்காது, உடம்பு வற்றும், ரத்தம் உறையாது. ரத்தம் உறையாமல் உடம்பில் கத்தி வைக்க முடியாது. ஆகவே வடிந்ததை வடிகட்டி, குளிரவைத்து, சர்பத்தில் கலந்து இரண்டு வேளையும் குடித்துவிட வேண்டும்.

டாக்டர் இதை இருமல் மருந்து எழுதிக் கொடுப்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். பிள்ளைக்குத்தான் ஒப்பவில்லை. பேத்தியின் பிறந்தநாள் கேக்கையே முட்டை இருக்குமோ என்று மோந்து பார்த்துத் தள்ளிவைத்தவர். ஈரலில் ஊறுவது எப்படிச் சைவமாகும்? சொந்த ஈரல்தான், இருந்தாலும் ஈரல் ஈரல்தானே. அதுவும் போக, வெட்டிய நகமும் உதிர்ந்த முடியும் எப்படியோ அப்படித்தான் இதுவும். உடம்பை விட்டு இறங்கிவிட்டால் தீட்டு. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆசார விஷயத்தில் அவர் தம்மைத் தவிர வேறு யாரையும் கலந்துகொள்வதில்லை.

மனைவி பிரம்மநாயகியிடம் மட்டும் ஓர் ஏற்பாடு சொன்னார். குளிப்பதற்கு முன்னால் குளியலறைக்குள்ளேயே வைத்துக் குடித்துவிடுவாராம், தீட்டு அந்தக் குளியலோடு போய்விடுமாம். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். அந்த அம்மாளுக்கும் அது நியாயமாகப் பட்டது. அவள் பையைத் திறந்து, துணியில் வடிகட்டி, ஃப்ரிட்ஜில் தனியிடம் ஒதுக்கி, நன்னாரி சர்பத் சேர்த்துக் கலக்கிக் கொடுப்பாள். பிள்ளை டம்ளரோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுவார். அடுத்த நிமிஷம் சர்பத் சாக்கடைக்குப் போய்விடும். பிறகு நிம்மதியாகக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வெளியே வருவார்.

ஒரு மாதம் இப்படியே ஓடியது. ஆறு கிலோ குறைந்தது. பல் துலக்கினால் ரத்தம் வந்தது. சட்டை அவர்மேல் தொங்கியது. பயமாகத்தான் இருந்தது அவருக்கு. ஆனால் சொன்ன பொய்யை நடுவில் நிறுத்துவதற்கு அவர் பார்த்த உத்தியோகத்தில் பழக்கமில்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டர் இரண்டு தடவை புரட்டினார். முகம் சரியில்லை.

"அம்மா, அண்ணாச்சி ஒழுங்கா குடிக்காங்களா?"

"ரெண்டு வேளையும் குடிக்காங்க, சார். என் கையால கலக்கிக் குடுக்கேன்" என்றாள் பிரம்மநாயகி. அவள் குரலில் அப்படி ஒரு நம்பிக்கை. பிள்ளை சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் மெல்ல விஷயத்துக்கு வந்தார். பித்தநீர் உள்ளே போயும் ரத்தம் உறையவில்லை என்றால் கோளாறு குழாயோடு நிற்கவில்லை, ஈரலே தளர்ந்துவிட்டதோ என்று பார்க்க வேண்டும். தையலைத் தள்ளிப்போட வேண்டியதுதான். ஈரல் தேறவே இல்லையென்றால், சொந்தத்தில் யாராவது தங்கள் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கும்படிகூட ஆகலாம்.

பிரம்மநாயகி யோசிக்கவே இல்லை. கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள், இப்போதே படுக்கச் சொல்வார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

"எனக்கு அறுபத்தி மூணு வயசாச்சு, சார். ஆனா ஒரு மாத்திர போட்டதில்ல. என்னுத எடுத்துக்கிடுங்க. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கிடுங்க."

அந்த வயசில் எடுக்க மாட்டார்கள் என்று டாக்டர் சொல்ல வாயெடுப்பதற்குள் பிள்ளை சொல்லிவிட்டார்.

"அவ ஈரலத் தொடாதீங்க. நான் குடிக்கல."

"எத்தன நாளா?"

"ஒருநாளும் குடிக்கல. பூராத்தையும் குளியலறையில ஊத்திட்டேன்."

டாக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். ஒரு மாதத்தில் கேட்ட நல்ல செய்தி இதுதான் என்றார். பித்தம் இல்லாமல் உடம்பில் சேராத வைட்டமினை மூன்று நாள் ஊசியில் போட்டால் தெரிந்துவிடும், ரத்தம் உறைந்தால் ஈரலுக்கு ஒன்றுமில்லை, இன்றிலிருந்து குடித்தால் சொன்ன தேதியிலேயே தைத்துவிடலாம்.

பிரம்மநாயகி சிரிக்கவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது.

"முப்பது நாளா அந்தப் பையத் தெறந்தேன். ஒருநாளாவது மொகத்தச் சுளிச்சிருப்பேனா?"

"ஏளா, தப்புதான்" என்றார் பிள்ளை. தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தாகூட அவர் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தையைக் கேட்டதில்லை. உயிருக்குப் பயந்ததைவிட அவள் கண்ணைப் பார்க்கத்தான் அவருக்கு இப்போது அதிகப் பயமாக இருந்தது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்போது பையில் இருப்பதைக் குடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். தாராளமாகக் குடிக்கலாம் என்றார். நர்ஸ் தஸ்மியா அதை வடிகட்டி, கேன்டீனிலிருந்து சாத்துக்குடிச் சாறு வாங்கிக் கலந்து கொண்டுவந்தாள். வீட்டுக்குப் போய்க் குளிப்பதற்கு முன்னால் என்று பிள்ளை மெல்ல ஆரம்பித்தார்.

"இங்கன" என்றாள் பிரம்மநாயகி.

அவர் கண்ணை மூடிக்கொண்டு அண்ணாந்து ஊற்றினார். தொண்டை நான்கைந்து தடவை ஏறி இறங்கியது. முகம் எங்கெங்கோ கோணியது. அவள் டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தாள். காலிதான். அவளுக்குத் திருப்தியாகவில்லை.

"வாயத் தெறங்க."

டாக்டரும் நர்ஸும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை வாயைத் திறந்தார்.

"நாக்கத் தூக்குங்க" என்றாள்.

தூக்கினார்.