நாலு பேருக்கு ஒரு வடிகட்டி

தோல் மண்டி ஹபீபுல்லா ராவுத்தர் வியாபாரமாகப் பினாங்குக்குப் போன இடத்தில் யாரோ வீட்டில் ஒரு நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். தென்னூரில் தன் வீட்டுக் கொல்லையிலேயே குளம் கட்டி, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மதிலும் எழுப்பிவிட்டார். தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டி மட்டும் பாக்கி. அதைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல எஞ்சினியர் பாக்கியநாதன் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

ராவுத்தரின் மனைவி வஹீதா கதவுத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்துபோகும் அந்நிய ஆண்களின் குரலெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் குரல் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

"இரும்புப் பீப்பாய்க்குள்ள மணல் இருக்கும்ங்க. பம்பு தண்ணிய அதுக்குள்ள தள்ளும், அழுக்கு மணல்ல நின்னுடும்," என்றார் பாக்கியநாதன். "பீப்பாய் எவ்வளவு பெருசுன்னு முடிவு பண்ண குளத்தோட அளவு மட்டும் போதாது. எத்தனை பேர் குளிப்பீங்கன்னு தெரியணும். ஆள் கூடிப்போனா தண்ணி கலங்கிடும். அடி தெரியாது."

"நாலு பேரு. நானும் பசங்க மூணு பேரும்."

"வேற யாரும்…"

"இல்லீங்க."

பாக்கியநாதன் பார்வை ஒருமுறை திரைப்பக்கம் போய்த் திரும்பியது. மரியாதை தெரிந்த மனிதர். அடுத்தவர் வீட்டுப் பெண்களைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சின்னப் பீப்பாயே போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சோறு போடும்போது வஹீதா கேட்டாள்: "மத்தியானத்துல நாங்களும் இறங்கணும்னுதானே மதில உசத்திக் கட்டுனீங்க? அவர்கிட்ட சொல்லலியே?"

"நம்ம வீட்டுப் பொம்பளைங்க இத்தனை பேரு குளிப்பாங்கன்னு அந்நியன்கிட்ட கணக்கு ஒப்பிக்கச் சொல்றியா?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிற்பாடு அவளால் தன்னையே மன்னிக்க முடியாமல் போனது இதற்காகத்தான்.

காலையில் ஆண்கள் குளித்தார்கள். மத்தியானம் வஹீதாவும், ஓரகத்தி கமர் ஜஹானும், நாத்தனார்களும், பெண் குழந்தைகளும் இறங்கினார்கள். தலை நிறைய நல்லெண்ணெய், கை நிறைய சீயக்காய். குளம் என்றால் குளிக்கத்தானே? பாவம், அந்தச் சின்னப் பீப்பாய் என்ன செய்யும்? எண்ணெய்ப் பிசுக்கேறி மணல் இறுகிவிட்டது. தண்ணீர் அரிசி கழுவிய நீராகிவிட்டது. நாளைக்குத் தெளிந்துவிடும் என்று ராவுத்தர் தினமும் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பெண்கள் கரையேறித் தலை துவட்டும்போது வஹீதாவின் கடைசி மகள் சுராயாவைக் காணவில்லை. ஆறு வயது, ஒளிந்து விளையாடுகிற பிள்ளை. சிரித்துக்கொண்டேதான் தேட ஆரம்பித்தார்கள். கட்டிலுக்கடியில் பார்த்தார்கள், மாடியில் பார்த்தார்கள், கிணற்றில்கூட எட்டிப் பார்த்தார்கள். குளத்தையும் பார்த்தார்கள். வெள்ளையாக, அசையாமல் கிடந்தது. வஹீதா மட்டும் தண்ணீரில் இறங்கி நடந்தாள். நடுக்குளத்தில் அவள் காலில் பிள்ளையின் கை இடறியது.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்தபின், துக்கம் விசாரிக்க பாக்கியநாதன் வந்தார். ராவுத்தருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"உங்க வடிகட்டியால போச்சு என் புள்ள. தண்ணி தெளிவா இருந்திருந்தா தூக்கியிருப்போம்."

பாக்கியநாதன் மெல்லக் கேட்டார். "நாலு பேர் குளிச்சா இப்படிக் கலங்காதுங்களே. மெய்யா எத்தனை பேர் குளிச்சீங்க?"

பதில் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. அந்தக் குரலை எஞ்சினியர் அதற்கு முன் கேட்டதில்லை.

"பொம்பளைங்க நாங்க ஏழு பேருங்க."

ராவுத்தர் அவளை அடக்கவில்லை.

"இப்ப ஆறு," என்றாள் வஹீதா.