ஹாலுக்கு ஒரு திவான்

திவான் கட்டில் வாங்கப் போகலாம் என்று சொன்னது நான்தான். வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார் என்று நம்பியதும் நான்தான். அவரோ சட்டையை மாட்டிக்கொண்டு, "டேப் எடுத்துக்கவா? அளவு பார்க்கணுமே" என்றார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள். வாயைத் திற என்றால் முன்பின் தெரியாதவர்கள்கூடத் திறக்கிற இடத்தில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இப்படி ஒரு மனிதர். முன்னெல்லாம் இவ்வளவு மோசமில்லை. எங்கள் பெண் படிக்க வெளியூர் போனபோது வீட்டிலிருந்த பேச்சையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு போய்விட்டாள் போலிருக்கிறது. சாப்பிடுவார். தட்டைக் கழுவி வைப்பார். செய்தி பார்ப்பார். பிறகு கட்டிலில் ஏறி எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துவிடுவார். தூங்கமாட்டார். தூங்குகிறவர் முதுகுக்கும் தூங்காதவர் முதுகுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்.

போன வாரம் ஒருநாள் நான் ஒருமணி நேரம் பேசி, அவர் மூன்று 'ம்' போட்டு முடித்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "பொணத்துக்குப் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு. இனிமே நான் ஹால்ல தனியாப் படுத்துக்கறேன்" என்று கத்தினேன். சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பதிலுக்கு எகிறவேண்டும். இல்லாவிட்டால் 'உனக்கென்ன பைத்தியமா' என்றாவது கேட்கவேண்டும். அவர் எட்டி ஹால் தரையைப் பார்த்தார்.

"தரையில படுத்தா உனக்கு இடுப்பு வலிக்குமே."

"அப்ப ஒரு கட்டில் வாங்கிக்கறேன்."

"சரி" என்றார்.

அந்த 'சரி' இருக்கிறதே, அது என்னை ஒரு வாரம் சோறு தண்ணி இறங்காமல் செய்துவிட்டது. எனக்கு வேண்டியது கட்டிலா? ஒரே ஒரு 'வேண்டாம்'. அதை அவர் வாயால் கேட்டுவிட்டால், இந்த மனிதருக்கு நான் இன்னும் தேவைப்படுகிறேன் என்று தெரிந்துகொண்டு பழையபடி இருந்துவிடுவேன். கேட்டு வாங்கினால் அதற்கு மரியாதை இல்லை. தானாக வரவேண்டும். வரவழைக்கத்தான் கடை வரைக்கும் போனேன்.

கடையில் டை கட்டிய ஒருவர் எங்களை வரவேற்று, பின்பக்கம் மட்டும் சாய்மானம் வைத்த ஒரு மரத் திவானுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "யாருக்கு சார்? விருந்தாளி வந்தா படுக்கவா?"

வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். மூன்றாம் மனிதர் முன்னால் இந்தப் பேச்சு வந்தால் எந்த ஆம்பளைக்கும் கூசும். ஏதாவது சொல்லி என்னை இழுத்துக்கொண்டு வெளியே போவார் என்று பார்த்தேன். அவர் திவானின் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான்" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி. "தினமும் படுக்க."

டைக்காரர் ஒரு கணம் தடுமாறி, உடனே சமாளித்துக்கொண்டார். "அருமையான பொருள் மேடம். பகல்ல சோபா, ராத்திரியில கட்டில். வீட்டுக்கு யார் வந்தாலும் தெரியவே தெரியாது."

தெரியவே தெரியாதாம். எங்களைப் போல எத்தனை பேர் வந்து வாங்கிப் போனார்களோ. என் வீட்டுக்காரர் குனிந்து அடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டே கேட்டார்: "குறுக்கப் போட்டிருக்கற ரீப்பர் எல்லாம் நல்ல மரம்தானே? நடுவுல தொய்யக் கூடாது. இவங்களுக்கு இடுப்பு வலி இருக்கு."

அங்கேயே ஏதாவது அலமாரியில் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. நிறம் பிடிக்கவில்லை என்றேன். வேறு நிறம் காட்டினார்கள். வர ஒரு மாதமாகுமே என்று இழுத்தேன். நாளைக்கே வந்துவிடும் என்றார் டைக்காரர். "ஞாயித்துக்கிழமைன்னாலும் எங்க ஆளுங்க வந்து மாட்டிக் கொடுத்துடுவாங்க சார்."

"வேண்டாம்" என்றார் என் வீட்டுக்காரர். "நானே மாட்டிக்கறேன்."

ஆக, அந்த வார்த்தை அவருக்குத் தெரியத்தான் செய்கிறது.

மறுநாள் காலை இரண்டு நீளமான அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. அவர் ஹாலில் இருந்த நாற்காலிகளை ஓரம் கட்டி, பழைய போர்வையை விரித்து, சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் வரிசையாக வைத்தார். போல்ட்டுகளையும் நட்டுகளையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டார். என் சமையலறைக் கிண்ணங்கள். பெட்டியோடு வந்த படத்தாளில் ஒரு பொம்மை மனிதன் தனியாகக் கட்டிலைத் தூக்க, அவன்மேல் பெருக்கல் குறி போட்டிருந்தது. பக்கத்துப் படத்தில் இரண்டு பொம்மைகள் சிரித்துக்கொண்டு தூக்கின.

"ரெண்டு பேர் வேணுமாம். நீ கொஞ்சம் பிடிச்சுக்கறியா?" என்றார்.

பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது? என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதற்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமென்றால் நான்தானே வரவேண்டும்.

வேலை என்று வந்துவிட்டால் அவர் கை பார்க்க அழகாக இருக்கும். இறுக்கவும் அவசரப்படமாட்டார், தளர்த்தவும் அவசரப்படமாட்டார். முதலில் எல்லா போல்ட்டையும் பாதி வரைக்கும் திருகிவிட்டு, மூலைகள் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் முழுக்க முறுக்கினார். ஒரு பக்கச் சட்டம் முடிந்தது. இன்னொரு பக்கம் முடிந்தது. தரையில் கிடந்த மரத்துண்டுகள் என் கண்ணெதிரே ஒரு கட்டிலாக எழுந்துகொண்டிருந்தன. இது முடிந்துவிட்டால் அப்புறம் சொல்ல ஒன்றுமே இருக்காது. சண்டையில் சொன்ன வார்த்தையை மறுநாள் மறந்தது போல் நடிக்கலாம். ஹாலின் நடுவில் நிற்கிற கட்டிலை எப்படி மறப்பது?

அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது கிண்ணத்திலிருந்து ஒரு நட்டை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். இந்த வயதில் பண்ணுகிற காரியமா இது? பண்ணினேன்.

வந்தவர் கிண்ணத்தைப் பார்த்தார். அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். போர்வையை உதறினார். பிறகு தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து, டார்ச் அடித்துக்கொண்டு டிவி மேசைக்கு அடியில் தேட ஆரம்பித்தார். உச்சியில் முடி கொட்டி, விரல்கடை அகலத்துக்கு மண்டை தெரிந்தது. நான் கவனிக்காமலே அவருக்கு அங்கே வயதாகியிருக்கிறது. நட்டைக் கொடுத்துவிடலாம் என்று கை தானாகத் திறந்தது. திரும்ப மூடிக்கொண்டேன்.

"இல்லேன்னா விட்டுடுங்க" என்றேன். "பார்ட் சரியில்லைன்னு திருப்பி அனுப்பிடலாம்."

"ஒரு நட்டுக்கா?" எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "முனைக் கடையில கிடைக்கும். இரு, வந்துடறேன்."

அவர் போனதும் நட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, அரைகுறையாக நின்ற சட்டத்துக்குள், தரையில், உட்கார்ந்தேன். பெண்ணுக்குப் போன் போட்டு அழலாமா என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? அப்பா நான் கேட்டதையெல்லாம் செய்கிறார் என்று புகார் சொல்வதா? இந்த மனிதர் ஒருதரம் குடித்துவிட்டு வந்ததில்லை, கை ஓங்கியதில்லை. இவரிடம் எனக்கு என்ன குறை என்று கேட்டால் ஊரில் ஒருவரும் என் பக்கம் பேசமாட்டார்கள். அந்தச் சட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு கதவையே பார்த்தேன். கடை மூடியிருக்கவேண்டும், அந்த அளவு நட்டு இல்லாமல் போகவேண்டும், போன வழியில் அவருக்கே மனது மாறவேண்டும் என்று ஒவ்வொன்றாக வேண்டிக்கொண்டேன்.

அவர் இரண்டு நட்டுகளோடு வந்தார்.

"ஒண்ணு எக்ஸ்ட்ரா வாங்கிட்டேன். அஞ்சாறு வருஷம் கழிச்சுக் கழண்டா, அப்ப இந்த சைஸ் கிடைக்காது."

அஞ்சாறு வருஷம். நான் ஒரு வாரக் கோபத்துக்கு வாங்கிய கட்டிலுக்கு அவர் ஆயுசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாகச் சாய்மானம். கனமான பலகை. நான் மேலே தூக்கிப் பிடிக்க, அவர் கீழே மண்டியிட்டு போல்ட் முறுக்கினார். அவர் தலை என் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. வியர்வையும் இயந்திர எண்ணெயும் கலந்த அந்த வாசனையை இவ்வளவு கிட்டத்தில் முகர்ந்து நாளாகிவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பலகையின் பாரம் கையை இழுத்தது. போல்ட் சீக்கிரம் ஏறிவிடக்கூடாதே என்றும் இருந்தது.

"முடிஞ்சுது, கையை எடுக்கலாம்" என்றார்.

எடுத்தேன். பலகை அசையவில்லை. அவர் ரீப்பர்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். கட்டில்மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கடியில் அட்டைத் துண்டு மடித்துச் செருகினார். மெத்தையைத் தூக்கிப் போட்டோம். "படுத்துப் பாரு. இடுப்புக்குச் சரியா இருக்கா?"

உட்கார்ந்தேன். ஆடவில்லை, கிறீச்சிடவில்லை. இவ்வளவு நல்ல கட்டில் எங்கள் வீட்டில் இதுவரை இருந்ததில்லை. அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

"ஏங்க, ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

கேட்டுவிட்டேன். போல்ட் முறுக்கிய ஆலன் கீயைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, எதிரே அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். சரி, வந்துவிட்டது, இப்போதாவது வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார். "எனக்கும் தனியாப் படுத்தா தேவலைன்னு ரொம்ப நாளா இருந்தது. நீ முழிச்சுக்கிட்டு இருக்கறது எனக்குத் தெரியும். நான் எப்பத் திரும்புவேன், எப்பப் பேசுவேன்னு காத்துக்கிட்டே இருப்ப. எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல. உள்ள ஒண்ணும் இல்லம்மா. அந்த ரூமுக்குள்ள போனாலே மூச்சு முட்டுது. சொன்னா நீ உடைஞ்சு போயிடுவியோன்னு பயம். நீயே வாயைத் திறந்து சொன்னதும்..." அவர் தேடி ஒரு வார்த்தையை எடுத்தார். "பெரிய உதவி பண்ணின."

பெண் போனதற்கப்புறம் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசினார். நன்றியோடு பேசினார். பொய்யில்லை, நடிப்பில்லை. அவர் முகம் இவ்வளவு தெளிந்து நான் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

சொல்லியிருக்கலாம். எனக்குத் தனியாகப் படுக்கப் பிடிக்கவில்லை, மிரட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான் என்று போட்டு உடைத்திருக்கலாம். இந்த வீம்பு அதற்கு இடம் கொடுத்தால்தானே?

"அப்ப சரி" என்றேன்.

அவர் தலையசைத்து, கிண்ணங்களைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தார். "கொஞ்சம் படுக்கறேன்" என்று உள்ளே போனார். நான் அட்டைகளை மடித்துக் கட்டினேன். மரத்தூளைப் பெருக்கினேன். படத்தாளை எடுத்துப் பார்த்துவிட்டுக் கசக்கிப் போட்டேன். திவானில் எல்லாம் இருந்தது, என் தலையணைதான் இல்லை. அதை எடுக்க அறைக்குப் போனேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் கட்டிலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு படுக்கிறவர். கொஞ்சம் புரண்டால் கீழே விழுந்துவிடுவாரே என்று நான் எத்தனையோ முறை பயந்திருக்கிறேன். இப்போது நடுவில் படுத்திருந்தார். மல்லாந்து, இரண்டு கையையும் இரண்டு பக்கமும் விரித்துப்போட்டு, வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் இருந்த இடம் எது என்று கட்டிலில் தெரியவில்லை.

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் சும்மாதான் சொன்னேன்" என்றேன்.

அவர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவருக்கு நல்ல தூக்கம்.