பொத்தான் டப்பாவில் உலர்ந்த திராட்சை

தையல்காரர் சட்டைக் கழுத்தை மடித்துத் தைத்துக்கொண்டே இடக்கையை இழுப்பறைக்குள் விட்டார். பேருக்குத்தான் அது பொத்தான் டப்பா. உள்ளே இருந்தது உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து இனிப்பையே தொடாத உத்தமர் என்று அவருக்கு நல்ல பெயர். பழம் என்ன இனிப்பா, கொடியில் காய்த்தது என்ன செய்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். அப்படியானால் எதிரே பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவிக்குத் தெரியாமல் ஏன் மெல்ல வேண்டுமாம்?

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா முகம் சுளித்தார். "போன தடவைய விட ஏறியிருக்கே! வீட்டுல என்னம்மா சமைக்கிறீங்க?"

மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று. "பாத்துப் பாத்துத்தான் செய்யறேன் டாக்டர். அவருக்கு ஆசை வந்துடக்கூடாதுன்னு நானும் சர்க்கரையில்லாத டீதான் குடிக்கிறேன். இவங்க அக்காகூட என் சமையலத்தான் குத்தம் சொல்றாங்க. நானே இவரக் கொன்னுடுவேனோன்னு பயமா இருக்கு."

அக்கா ஏசிய அன்றும் தையல்காரர் வாயைத் திறக்கவில்லை, தலைகுனிந்து தைத்துக்கொண்டே இருந்தார். அது இப்போது நினைவுக்கு வந்தது. சே, நானும் ஒரு மனுஷனா!

"அவ மேல ஒரு தப்பும் இல்ல டாக்டர். திருட்டுத்தனமாத் தின்னது நான். திராட்சை, பேரீச்சைன்னு பிடிபிடியா... பழம்தானேன்னு நினைச்சேன்."

"நல்லா நினைச்சீங்க போங்க! காயும்போது தண்ணிதான் போகும், சர்க்கரை அப்படியே தங்கிடும். தொடவே கூடாதுன்னு இல்ல. கொஞ்சமா, சாப்பாட்டுக் கணக்குல சேத்துச் சாப்பிடலாம். இப்படி அள்ளிப் போட்டா மாத்திரை என்னய்யா பண்ணும்?"

மனைவி வழியெல்லாம் அவரைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். திட்டியிருந்தாலாவது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அவர் போனை எடுத்தார்.

"அக்கா, அவ சமையல்ல ஒரு குறையும் இல்ல. நான்தான் ஒளிச்சுவச்சுத் தின்னேன். நீ அவகிட்ட மன்னிப்புக் கேளு. நானும் கேக்கணும்."

மனைவி இழுப்பறையிலிருந்த டப்பாவை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர் சொன்ன அளவு நானே எடுத்துத் தர்றேங்க. ஆசைப்பட்டதுக்கு எனக்குக் கோபமில்ல. ஆனா ஒண்ணு, வியாதிக்காரர் ஒளிச்சுத் தின்னா வியாதி அவருக்கு, பழி பக்கத்துல இருக்கறவங்களுக்கு. இனிமே என்ன தின்னாலும் என் கண்ணு முன்னால தின்னுங்க."